பிறை பதினேழில் மசூர் முதுகு கொடுத்த படலம்

பிறை பதினேழு, திங்கட்கிழமை, நண்பகல் ளுஹர் தொழுது முடிந்த நேரம்.

கேளுங்கள், கடலோரத்துப் பெருமக்களே! சாய்ந்தமருது மீன் ஏலத்தின் சிங்கக்குரலோன், அறக்குளா மீனின் விலையை ஒரு கூவலில் வானேற்றி மறு கூவலில் மணலில் இறக்கும் வெண்கலத் தொண்டையன், திருக்கை வாலுக்கும் கலங்காத நெஞ்சினன், மசூர் புறப்பட்டான். தேர் இல்லை, மோட்டார் சைக்கிள். கவசம் இல்லை, இடுப்பில் சாரன்.

அவன் முற்றுகையிட்ட கோட்டை, கல்முனை வீதியோரத்து ஹிஜாமா நிலையம். முதுகில் கிண்ணம் பதித்து, மேல்தோலைக் கீறி, இரத்தம் எடுக்கும் இடம். பிறை பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்றால் அதற்கு நபிவழியில் சிறந்த, சுன்னத்தான நாள். மற்ற நாட்களில் மின்விசிறி மட்டும் சுற்றும் அந்தக் கூடத்தில் அன்று உட்கார வாங்குப் பலகையில் இடமில்லை. எஞ்சியிருந்தது ஒரே கட்டில். அதைக் குறிவைத்து இரு வீரர்கள்.

மற்றவன் கச்சிமுகம்மது, மசூரின் தங்கை கணவன். போன மாதம் இதே கட்டிலில் படுத்தெழுந்து, முதுகில் பதிந்த செவ்வட்டங்களை வெற்றிப் பதக்கங்களாகச் சுமந்து, தேத்தண்ணிக் கடைதோறும் சட்டையைக் கழற்றியவன். மசூருக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் என்று பரப்பியவனும் அவனே. இன்று மசூர் திரும்பிப் போனால், இரவு இஷாத் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆனால் வீரனின் உள்ளேயே ஒரு பகை இருந்தது. சிறிய, வெள்ளை நிறக் குளிசை. கொழும்பில் அவனுடைய இதயக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்தவர்கள், இரத்தத்தை இளக்கும் அந்தக் குளிசையை நாள் தவறாமல் போடச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு அவன் அறிவித்த நோயின் பெயர்: வாயு. உண்மை மனைவி சுபைறாவுக்கு மட்டுமே தெரியும். அன்று காலையும் அதை விழுங்கிவிட்டுத்தான் களத்துக்கு வந்திருந்தான்.

ஹிஜாமா செய்யும் முனாஸ், முறையாகப் பயின்றவன், வாசலை மறித்து நின்று கணை தொடுத்தான்.

“மசூர் காக்கா, சாப்பிட்டுட்டா வந்தீங்க?”

“இல்ல மனே. வெறும் வயிறு.”

முதல் அம்பு முறிந்தது.

“ரத்தம் குறைவெண்டு ஆரும் சென்னதா?”

“எனக்கா? என்ட ரத்தம் கல்முனைக்கே பங்கு வெச்சாலும் காணும்.”

இரண்டாவது அம்பு தரையில் வீழ்ந்தது.

“ரத்தம் இளக்குற குளிசை ஏதும் போடுறீங்களா?”

ஆகா! அலைகள் கரைக்கு வராமல் அந்தரத்தில் நிற்க, மின்விசிறி மூச்சடக்க, கச்சிமுகம்மதுவின் கண்கள் கட்டிலின் மேல் பருந்தாய் வட்டமிட, கரைவலைக் கூட்டம் முழுவதையும் தனியே அடக்கிய அந்தத் தொண்டை முரசாய் அதிர்ந்தது.

“குளிசையா? பனடோலும் தொட்டதில்ல!”

கோட்டைக் கதவு திறந்தது.

“பாதியில எழும்பி ஓடிராதீங்க மச்சான்,” என்றான் தோற்ற கச்சிமுகம்மது.

“நீங்க பத்தொம்பதுக்கு வாங்க மச்சான். நான் முதுகக் காட்டுறன்.”

வென்றவன் குப்புறப் படுத்தான். கைப்பம்பு இழுக்க இழுக்க, கிண்ணங்களுக்குள் அவன் சதை, முற்றுகையிடப்பட்ட மலைகளாய் எழுந்து சிவந்தது. முனாஸ் கையுறை மாட்டினான். ஒரு சிறிய பொட்டலத்தை மசூரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“புது பிளேட் காக்கா. உங்களுக்கு முன்னாலதான் உடைக்கன், ஒருக்கா பாவிச்சா எறியிறதுதான். பயப்படாதீங்க, மேலால சின்னக் கீறல். ரத்தம் கொஞ்ச நேரத்தில தானா நிக்கும்.”

உறை கிழிந்தது. புயல் நாளில் பாய்மரச் சீலை கிழியும் ஓசையாய் அது அவன் செவிக்குள் இறங்க, கொழும்பு வைத்தியரின் முகம் ஒருபுறமும் சுபைறாவின் முகம் மறுபுறமும் படை நடத்திவர, ஏலக் களத்தின் சிங்கம், வெண்கலத் தொண்டையன், மைத்துனனைப் புறங்கண்ட மாவீரன், தலையணையிலிருந்து முகத்தைக் கொஞ்சம் தூக்கி, வாசலில் நிற்கும் கச்சிமுகம்மதுவுக்குக் கேட்காத குரலில் வாய் திறந்தான்.

“தம்பி, ரத்தம் இளக்குற குளிசை போடுற ஆக்களுக்கு... அது தானா நிக்காதா?”