பதிமூன்று வயதுக்கு மேல்

"இந்தப் புத்தகத்தை உனக்கு யாரு குடுத்தா?"

லிஃப்ட் மெக்கானிக்கின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பென்சில் சீவிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"லைப்ரரிலதான்ப்பா. ஏன்?"

அவர் பின்னட்டையை மறுபடி படித்தார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போகிற ஒரு தையல்காரர். அவருடைய பதினான்கு வயது மகள் சொல்லும் கதை.

மெக்கானிக்கின் மகளுக்கும் பதினான்கு. அவருக்கு வேலை போய் ஏழு வாரம். சாப்பாட்டுப் பை இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் உன் வயசுக்கு வேண்டாம்."

"பதிமூணு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கேப்பா."

"போடறவன் ஆயிரம் போடுவான்."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்படி என்னங்க இருக்கு அதுல?"

வாய்க்கு வந்ததைச் சொன்னார். "காதல்."

"காதலா?" கரண்டியோடு வந்துவிட்டாள். "குடுங்க, பாக்கறேன்."

"நீ பாக்கற மாதிரி இல்ல. அசிங்கமான காதல்."

"எந்தப் பக்கத்துலப்பா?" என்றாள் மகள்.

புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தார். "முதல்ல நான் படிச்சுப் பாக்கறேன்."

"முழுசாப் படிங்க," என்றாள் மனைவி. "படிச்சுட்டு வந்து எனக்கும் கதையைச் சொல்லுங்க."

ஏழு வாரமாக அவருக்கு ஆபீஸ் என்றால் நூலகத்தில் செய்தித்தாள் மேசையின் மூன்றாவது நாற்காலிதான். மகள் பள்ளி விட்டு வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுவார். நூலகர் அம்மா தினமும் தலையாட்டுவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

மறுநாள் செய்தித்தாளை விரித்து, அதற்குள் புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்தார். பள்ளிக்கூட நாளில்கூட அவர் செய்யாத காரியம். பாதிப் புத்தகம் வரைக்கும் தாக்குப்பிடித்தார். அங்கே அந்தத் தையல்காரர், வீட்டுக்குக் கிளம்பும் முன் நூல் பிசிறுகளைப் பொறுக்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டார்.

மெக்கானிக்கின் காது சுட்டது. அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன கிரீஸ் டப்பா இருந்தது. தினமும் மூன்றரைக்கு நூலகக் கழிவறையில் நின்று முழங்கையில் தடவிக்கொள்வார். யாரோ அந்தக் கதவிடுக்கு வழியாகப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

டப்பாவை எங்கேயாவது வீசிவிடலாம் என்று வெளியே எடுத்தார். மூடி கழன்றிருந்தது. அடுத்த நிமிடம் புத்தகத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். ஐந்து விரல் ஒரு பெரிய உள்ளங்கை ஆனது. தண்ணீர் தொட்டுத் துடைத்தார். பக்கம் அப்பளம் மாதிரி உப்பியது. வேலையில் இருந்த நாளில்கூட அவர் இவ்வளவு கிரீஸைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் மகள் கேட்டாள். "புத்தகம் எங்கப்பா?"

"லிஃப்ட் பள்ளத்துல விழுந்துடுச்சும்மா."

"ஐயையோ!" என்றாள் மனைவி. "நாளைக்கு இவளுக்கு லீவுதான். பத்து மணிக்கு ரெண்டு பேருமா லைப்ரரிக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துடறோம். சின்னப் பிள்ளைங்களுக்கு அசிங்கமான காதலைக் குடுக்கறதுக்கும் நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்."

மறுநாள் நூலகம் திறக்கும்போது மெக்கானிக் வாசலில் நின்றார்.

"மேடம், இதை அலமாரியில வைக்காதீங்க. பிள்ளைங்க படிக்கற புத்தகமே இல்ல. எனக்கே பாதிக்கு மேல படிக்க முடியல. எங்க வீட்டுலேருந்து வந்து கேட்டா, என்னைப் பாக்கவே இல்லன்னு சொல்லிடுங்க."

நூலகர் உப்பிய பக்கத்தைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். "எழுத்துல புகார் குடுத்தாத்தான் எடுக்க முடியும் சார்," என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

பெயர் எழுதினார். வயது எழுதினார். தொழில், லிஃப்ட் மெக்கானிக். அடுத்த வரி, வேலை செய்யும் இடம்.

பேனா நின்றது. ஏழு வாரம் வாயால் எத்தனையோ பொய் சொல்லியாகிவிட்டது. கை மட்டும் எழுத மறுத்தது. கடைசியில் 'இல்லை' என்று எழுதினார். எழுதியதைத் தானே பார்க்கக் கூசி, இடது கையால் மூடிக்கொண்டார்.

அடுத்த வரி, புத்தகத்தால் ஏற்படக்கூடிய தீமை. நிறைய யோசித்து எழுதினார்: 'வீட்டில் தெரிந்துவிடும்.'

அப்போது வாசலில் மனைவியின் குரல் கேட்டது. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை.

மெக்கானிக் பாய்ந்துபோய்ப் பதின்வயதினர் அலமாரிக்குப் பின்னால் குந்தினார். முட்டி சடக்கென்றது. புத்தக இடுக்கு வழியாக இரண்டு ஜோடிச் செருப்புகள் மேசையை நோக்கிப் போவது தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது, படிவம் மேசை மேலேயே கிடக்கிறது. 'இல்லை' என்ற சொல் பெரிய எழுத்தில், மல்லாந்து கிடக்கிறது. பூமி பிளந்தால் புத்தகங்களோடு சேர்ந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"புத்தகம் வந்துச்சா மேடம்?" மனைவி தணிந்த குரலில் கேட்டாள்.

நூலகர் பெருமூச்சு விட்டார்.

"வந்துச்சும்மா, ஆனா பாதியிலயே மூடிட்டாராம். அந்த அப்பாவுக்கு வேலை போனது முதல் வாரமே வீட்டுல எல்லாருக்கும் தெரியும்னு கடைசி அத்தியாயத்துலதான வருது... இந்தத் தடவை கொஞ்சம் ஒல்லியான புத்தகமாத் தரட்டுமா?"