தண்ணி துப்பாத மோட்டார்

அந்த மோட்டாரை எந்தக் காரணத்தைக் கொண்டும் சரிசெய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். எல்லோரும் எதையாவது செய்து முடிக்கத்தான் சபதம் எடுப்பார்கள். செய்யாமல் இருப்பதற்கு எடுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி. அதில் எனக்கு ஒரு சின்னப் படகு. படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார், கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஓடும்போது அது ஏரித் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சி, உடம்புக்குள் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் துளை வழியாகத் துப்ப வேண்டும். துப்பினால் ஆரோக்கியம். ஒருநாள் துப்பவில்லை. நடு ஏரியில் ஆவி பறக்க நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்த எனக்கும் ஆவி பறந்தது.

கொட்டகையில் வைத்துக் கழற்றினேன். தண்ணீரை மேலே தள்ளுகிற ரப்பர் சக்கரம் இதழெல்லாம் உதிர்ந்து பொக்கை வாயாக இருந்தது. புதுச் சக்கரம் போட்டேன். உதிர்ந்த துணுக்குகள் அடைத்திருந்த குழாயை ஊதிச் சுத்தம் செய்தேன். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். சர்ரென்று துப்பியது. அந்த நேரம் பார்த்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சாங்க?"

"என் கை பட்டா சரியாகாம என்ன?"

"அப்ப ஞாயித்துக்கிழமை அக்காவப் பாத்துட்டு வந்துரலாம். பாவம், கால்ல கட்டோட என்ன பாடுபடுறாளோ."

சபதம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

என் மனைவியின் அக்காவுக்கு அக்கரையில் வீடு. தங்கமான மனுஷி. படியில் தவறி விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கசக்குமா? கசந்தது அவர் கணவர். என் சகலை.

சகலைக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, எடுத்தாயிற்று. கல் போய்விட்டது, கதை போகவில்லை. முதல் வலி இடப்பக்கம் வந்ததா வலப்பக்கம் வந்ததா என்பதில் ஆரம்பித்தால், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரவே மத்தியானம் ஆகிவிடும். கல்லையாவது மருந்து கொடுத்துக் கரைக்கலாம். இவர் கதை எதற்கும் கரையாது. போன தடவை சாப்பிடும்போது அந்தக் கல்லையே ஒரு டப்பாவில் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து அக்கரை மேல் எனக்கு அக்கறையே கிடையாது.

அன்று சாயங்காலமே மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் திரும்பக் கழற்றினேன். சுழல்கிற தண்டோடு ரப்பர் சக்கரத்தைப் பிணைத்து வைப்பது நகத்தளவு இரும்புத் துண்டு. அரை நிலா மாதிரி இருக்கும். மெக்கானிக்குகள் அதைச் சாவி என்பார்கள். அது இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா உட்கார்ந்திருக்கும், தண்ணீர் ஏறாது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கிளம்பி நின்றாள். டிரம்மில் ஓட்டிக் காட்டினேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"நேத்து துப்புச்சே?"

"அது நேத்து."

"இப்ப என்னவாம்?"

"உள்ளுக்குள்ள ஏதோ அடைப்பு. நடு ஏரியில நின்னுட்டா உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

"பஸ்ல போலாமே."

"ஏரியச் சுத்தி மூணு பஸ் மாறணும். உன் முழங்கால் தாங்குமா?"

"என் முழங்காலுக்கு என்ன, நல்லாத்தான இருக்கு."

"அதை நல்லாவே வச்சுக்கலாம்னுதான் சொல்றேன்."

அவள் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். முன்னறையில் தையல் கடை அவளுடையது. மிஷின் சத்தம் அன்று கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

அதன் பிறகு வாரம் ஒரு நோய் மோட்டாருக்கு. ஒரு வாரம் உள்ளே சேறு. அடுத்த வாரம் சூட்டைப் பார்த்துத் திறக்கிற வால்வு திறக்கவில்லை. கொட்டகை இருட்டு என்பதால் மனைவி டார்ச் பிடிப்பாள். ஒவ்வொன்றாகக் கழற்றுவேன், துடைப்பேன், மாட்டுவேன். எனக்குச் சாமர்த்தியம் போதாது என்றுதான் அவள் நினைப்பாள் என்று நினைத்தேன்.

"தண்டு சுத்துது, சக்கரம் சுத்துதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சுத்தாம?"

"இல்ல, என் மிஷின்ல ஒரு ஸ்குரு லூசானா சக்கரம் பாட்டுக்குச் சுத்தும், ஊசி மட்டும் எறங்காது. அதான் கேட்டேன்."

"தையல் மிஷின் வேற, இது வேற."

"வேறதான்," என்று டார்ச்சைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இல்லக்கா, அவரக் குத்தம் சொல்லாத. மோட்டாரோட மல்லுக்கட்டி ஆளே பாதியாயிட்டாரு. உன்னைப் பாக்கணும்னு என்னைவிட அவருக்குத்தான் தவிப்பு."

சுருக்கென்றது. ஒரு கல்லுக்குப் பயந்து நான் கல்நெஞ்சக்காரனாகிவிட்டேனே. கதையைக் கேட்டால் காதா அறுந்துவிடும்? சபதத்தை உடைத்தேன். சாவியை மாட்டிவிடலாம் என்று சட்டையைத் தேடினேன்.

சட்டை கொடியில் தொங்கியது. பை பிய்ந்திருக்கிறது, ஒரு தையல் போடு என்று காலையில் நானே மனைவியிடம் கொடுத்திருந்தேன். தையல் கச்சிதமாக இருந்தது. பைக்குள் ஒன்றும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும். நான் என் பையால் கெட்டேன்.

குனிந்து தரையெல்லாம் தடவினேன்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சாவி."

"ஆணியிலதான தொங்குது."

"ஆமா ஆமா, தொங்குது," என்றேன்.

மறுநாள் முடிவெட்டிக்கொண்டு திரும்பினால் கொட்டகையில் மோட்டார் இல்லை. ஏரிப் பக்கம் ஓடினேன். படகில் மோட்டார் மாட்டியிருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. சர்ரென்று துப்பியது. பக்கத்தில் ஒரு பையோடு என் மனைவி.

"யாரு மாட்டினா?"

"வாராவாரம் டார்ச் புடிச்சேனே, சும்மாவா புடிச்சேன்? தூக்கி வைக்கத்தான் பக்கத்து வீட்டு டிரைவரக் கூப்பிட்டேன்."

"அந்தச் சாவி..."

"உங்க சட்டைப்பையில இருந்துச்சு. தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கீங்க. அப்புறம் மறந்திருப்பீங்க."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நான் என்ன பண்ணேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ங்க. அத்தான் பேச ஆரம்பிச்சா எனக்கே தலை சுத்தும். நீங்க வர வேண்டாம். நான் மட்டும் போயி, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவகூட இருக்கேன். சாப்பாடு ரெண்டு வேளைக்கு இருக்கு."

"நீ தனியாவா ஓட்டுவ?"

"கல்யாணமான புதுசுல இதே படகுல கையப் புடிச்சுச் சொல்லிக்குடுத்தீங்களே. நீங்க மறந்தா நானும் மறக்கணுமா?"

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். படகு நேர்கோடு போட்டுக்கொண்டு போனது. என்னைவிட நன்றாகத்தான் ஓட்டினாள்.

வெட்கமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. குற்றத்தை மன்னித்தாயிற்று, தண்டனையும் இல்லை. காலை நீட்டிப் படுத்தேன். மிஷின் சத்தம் இல்லாத வீடு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"சாப்டீங்களா? அக்கா நல்லாயிருக்கா. என்னைப் பாத்ததும் அழுதுட்டா. நீங்க அங்க தனியா இருக்கீங்களேன்னு எனக்குத்தான் மனசு கேக்கல."

"எனக்கென்ன, நான் சமாளிச்சுக்குவேன்."

"அதெல்லாம் முடியாது. படகத் திருப்பி அனுப்பியிருக்கேன். போய்ப் புடிச்சுக் கட்டுங்க."

"யாரு ஓட்டிட்டு வர்றா?"

அதற்குள் வைத்துவிட்டாள்.

கரைக்குப் போனேன். மோட்டார் அழகாகத் தண்ணீர் துப்பிக்கொண்டு வந்தது. பின்னால் உட்கார்ந்து ஓட்டி வந்தவர் பெட்டியோடும் தலையணையோடும் இறங்கி என் தோளில் கை போட்டார்.

"அக்காளும் தங்கச்சியும் பேசிக்கிட்டே இருக்காங்க தம்பி, நமக்கு வாயத் தெறக்க வழியில்ல," என்றார் சகலை. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இனி இங்கதான். ஆமா, போன தடவை எதுல விட்டேன்?"

"ஸ்கேன் எடுக்குற எடத்துல," என்றேன்.