வாயால் கார் ஓடுகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்குக் கார் ஓடத் தெரியாது. ஓடுகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் நன்றாகத் தெரியும். கை மடியில் கிடக்கும், கால் சப்பாத்துக்குள் கிடக்கும், வாய் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும். இவர்களைத் தேடி நீங்கள் எங்கும் அலையவேண்டியதில்லை. உங்கள் காரின் பக்கத்துச் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

மொன்றியலில் இந்த இனத்துக்குத் தலைவர் என்று ஒருவரை வைத்தால் அது உருத்திரமூர்த்திதான். அவர்மேல் அரியரத்தினத்துக்கு ஒரு மனக்குறை, 2001 புரட்டாதியில் பிடித்தது, இன்னும் விடவில்லை. அரியரத்தினம் ஜான்-டலோன் சந்தைக் கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். அன்று புது வான் வண்டியைக் கடையின் பின்வாசலுக்குப் பின்பக்கமாக எடுக்கிறார். கண்ணாடியில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பின்னால் உருத்திரமூர்த்தி நின்று இரண்டு கையையும் வீசி, "வரட்டும்... வரட்டும்... வரட்டும்" என்கிறார். மனைவியின் தமையன் சொல்லும்போது கண்ணாடியை நம்பினால் மரியாதையா? வான் வந்தது. இரும்புத் தூணில் போய் இருந்தது. இறங்கிப் பார்த்த அரியரத்தினத்திடம் உருத்திரமூர்த்தி ஆறுதலாகச் சொன்னார்: "நில் எண்டு சொல்லத்தான் வாயெடுத்தனான். நீ அவசரப்பட்டிட்டாய்."

வானின் நசிவை அடித்து நிமிர்த்தியாயிற்று. அந்தக் கடைசிச் சொல்லை நிமிர்த்த ஒரு கராஜும் கிடைக்கவில்லை.

உருத்திரமூர்த்திக்கு லைசன்ஸ் இல்லை. திறமை போதாமல் அல்ல. சோதனை எடுக்க வந்தவருக்கே எங்கே திரும்பவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாராம். அவர் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டாராம். அதன்பிறகு மெட்ரோதான். மெட்ரோவிலும் சும்மா இருப்பாரா? வளைவு வருமுன்னே உடம்பைச் சாய்த்து ரயிலைத் திருப்பிக் கொடுப்பார். விமானம் இறங்கும்போது "கெதியா இறக்கிறான்" என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கலங்கடிப்பார். செத்தவீட்டில் பெட்டி தூக்குகிறவர்களுக்கு "கொஞ்சம் இடக்கைப் பக்கம்" என்பார். உள்ளே கிடக்கிறவருக்கு மட்டும்தான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு காரோட்டப் போட்டிக் குழுவுக்குள் எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். இப்படிப்பட்டவர் வராமல் எந்தக் குழு உருப்பட்டிருக்கிறது?

மாரியில் வெளியே பனி கொட்டிக்கிடக்க, கிழக்குப் பக்கத்துக் கண்காட்சி மண்டபம் ஒன்றுக்குள் மிட்ஜெட் கார்களை ஓடவிடுவார்கள். மிட்ஜெட் என்றால், குளியல் தொட்டிக்கு நாலு சில்லுப் பூட்டி, மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஒன்றை வைத்து, மேலே குழாயால் கூடு கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. வழுக்காமல் இருக்கச் சீமெந்துத் தரையில் இனிப்புப் பாணியைத் தெளித்துவிடுவார்கள். நடந்தால் சப்பாத்து ஒட்டும். ஓடினால் ரயர் ஒட்டும். ஓடுகிறவர் அரியரத்தினம். எஞ்சின் பார்க்கிறவர் அவருடைய சினேகிதர் நீக்கிலாப்பிள்ளை. இவர்கள் இருவரையும் பார்க்கிறவர் உருத்திரமூர்த்தி. மூன்று பேருக்கும் சேர்ட் அடிப்பித்தது அவர்தான். தன்னுடையதில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் 'முகாமையாளர்' என்று போட்டிருந்தார். மற்ற இரண்டு சேர்ட்டிலும் எழுத இடம் போதவில்லையாம்.

நாலாவது மாரியில் விளையாட்டு விளையாட்டாக இருக்கவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் அரியரத்தினத்தின் வீட்டில் ஒரே ஒரு கராஜ். அதற்குள் மிட்ஜெட் சூடாகப் படுத்திருக்கும். மனைவி பாலாம்பிகையின் கார் வெளியே பனிக்குள் நிற்கும். விடியப்புறத்தில் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. மூன்று மாரி பொறுத்தவள் இந்த முறை சொல்லிவிட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டத்துக்கு ஒருக்காலாவது வாங்கோ. வந்தால் கராஜ் அதுக்கு. வராட்டில் திங்கட்கிழமை அது வெளியாலை, என்ரை கார் உள்ளுக்கை."

இதுவரை ஒரு தடவைகூட அவர்கள் ஞாயிறு இறுதி ஓட்டத்தைக் கண்டதில்லை. சனியோடு ரெயிலரில் ஏற்றிவிடுவார்கள்.

சனிக்கிழமை தகுதி ஓட்டம். முதல் இரண்டுக்குள் வந்தால் நேரே இறுதிக்குப் போகலாம். அங்கேதான் முகாமையாளரின் வாழ்நாள் பாக்கியம் அவர் கைக்கு வந்தது: ஒரு வோக்கிடோக்கி. இவர் கதைக்கலாம், ஓடுகிறவர் காதுக்குள் செருகிய குமிழில் கேட்கலாம், திருப்பிக் கதைக்க முடியாது. இந்த இனத்துக்கென்றே கடவுள் கண்டுபிடித்த கருவி அல்லவா? பச்சைக்கொடி விழுந்ததிலிருந்து வாய் மூடவில்லை. மெல்லப் பிடி என்றார், கெதியாய்ப் பிடி என்றார், அதையும் ஒரே வளைவில் சொன்னார். அப்படியிருந்தும் அரியரத்தினம் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று. உள்பக்கத்தில் ஓர் இடைவெளி; அதற்குள் மூக்கை நுழைக்கப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கார் வருகிறது. காதுக்குள் உருத்திரமூர்த்தி கத்தினார்: "விடு, விடு, விடு."

அரியரத்தினம் விட்டார். மஞ்சள் கார் நன்றி சொல்லாமல் போயிற்று. மூன்றாமிடம்.

"விடச் சொல்லித்தானே மச்சான் விட்டனான்."

"நான் காரை உள்ளுக்கை விடச் சொன்னனான். நீ ஆளை விட்டிட்டாய்."

"ஆளை விடு எண்டும் விடுதானே?"

"தமிழ் விளங்காதவனை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது."

ரயரில் ஒட்டிய பாணியைச் சுரண்டிக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை நிமிரவில்லை. "ரெண்டுபேரும் என்னை விட்டால் நான் போய்ப் படுப்பன்" என்றார்.

தவறு தன்னுடையதல்ல, மொழியினுடையது என்று தீர்ந்தபிறகு உருத்திரமூர்த்தி மொழியைத் திருத்தினார். இனி அந்தச் சொல்லே கிடையாது. 'போ' என்றால் போகவேண்டும், 'நில்' என்றால் நிற்கவேண்டும். போ என்றால் வீட்டுக்கா என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இனத்துக்குக் காது ஓர் அலங்காரம்.

ஞாயிறு பிற்பகல், தோற்றவர்களுக்கு இன்னொரு ஓட்டம். ஒலிபெருக்கிக்காரர் பிரெஞ்சில் அதற்கு ஆறுதல் ஓட்டம் என்று பெயர் சொன்னார். இதிலும் இரண்டு பேருக்குத்தான் இடம். பாலாம்பிகை புட்டுப் பொட்டலத்தோடு வானில் கூடவே வந்து மேலே பார்வையாளர் படியில் இருந்தாள். அவள் முகத்தில் ஏற்கெனவே கராஜ் தெரிந்தது.

ஹெல்மெட்டைப் போடுமுன் அரியரத்தினம் ஒரு காரியம் செய்தார். காதுக் குமிழைக் காதில் செருகவில்லை. சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டார். நீக்கிலாப்பிள்ளை கண்டார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என்ன அமைதி. எஞ்சின் இரைகிறது, இரும்பு அதிர்கிறது, ஆனாலும் கோயிலுக்குள் இருப்பதுபோல ஓர் அமைதி. அது இரண்டு சுற்றுக்குத்தான் நீடித்தது. பிறகு ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் எழுந்தது. முன்னால் போன சிவப்புக் காரைப் பார்த்து, "பிரேக்கிலை காலை வை. அகலத் திரும்பாதை. இப்ப வெட்டு. வெட்டடா மடையா" என்றது. அரியரத்தினம் முதலில் திடுக்கிட்டார், பொக்கற் கத்துகிறதோ என்று. இல்லை. அவருடைய சொந்த வாய். நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. சிவப்புக்காரனுக்கு, அவனுக்கு முன்னால் போனவனுக்கு, கொடி காட்டுகிறவனுக்கு, எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஓடினார். கடைசி வளைவில் சிவப்புக் கார் கொஞ்சம் அகன்றது. உள்ளே ஒரு கார் அளவு இடம். "விடு" என்றது வாய்.

எந்த விடு? ஒரு கணம் அவருக்கே விளங்கவில்லை. கால் மட்டும் விளங்கிக்கொண்டு அழுத்தியது. சிவப்புக் காரை உரசிக்கொண்டு, இரண்டாவதாக, கோட்டைத் தாண்டினார்.

உருத்திரமூர்த்தி ஓடிவந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. கண்ணில் தண்ணீர். "சொன்னதை அப்பிடியே கேட்டாய்" என்று கட்டிப்பிடித்தார். அந்த அணைப்பில் பொக்கற்றிலிருந்த குமிழ் அரியரத்தினத்தின் நெஞ்சில் குத்தியது. இப்படித் தொண்டை கிழியக் கத்தின மனுசனிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஓம் மச்சான்" என்றார். நீக்கிலாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

இறுதி ஓட்டத்தில் கடைசிக்கு முதல் இடம். கடைசி இடத்துக்காரனின் எஞ்சின் பாதியில் நின்றுவிட்டது. அதனால் என்ன? வந்தாயிற்று.

பாலாம்பிகை வாக்குத் தவறாதவள். இறங்கிவந்து மிட்ஜெட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு கணவனிடம் கையை நீட்டினாள்.

"கராஜ் உங்களுக்கு. வான் எனக்கு. மாரி முடியுமட்டும் என்ரை காரிலை நீங்கள் சந்தைக்குப் போங்கோ, ரெண்டிலையும் பனியை நீங்களே சுரண்டுங்கோ. திறப்பைத் தாங்கோ."

அரியரத்தினம் வான் சாவியை எடுத்துக் கொடுத்தார். நீக்கிலாப்பிள்ளை தன் காரில் போய்விட, பாலாம்பிகை ஸ்டியரிங்கில் இருந்தாள். பின்னால் ரெயிலரில் மிட்ஜெட். பின்சீட்டில் தொண்டை போன முகாமையாளர். கலியாணம் கட்டியதிலிருந்து முதல்தடவையாக அரியரத்தினம் பக்கத்துச் சீட்டில்.

நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஏறுமுன்னே கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். ஏறியபின் ரெயிலர் ஆடுகிறது என்றார். அந்த லொறிக்குப் பின்னால் போகாதே, சிக்னல் போடு, போட்டதை எடு, பனியில் பிரேக்கை அப்படிப் பிடிக்கக்கூடாது. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

இதை வாசித்துச் சிரிக்கிற நீங்களும் ஒன்று செய்யுங்கள். அடுத்தமுறை உங்கள் வீட்டுக்காரியோ மகனோ ஓட, நீங்கள் சும்மா பக்கத்தில் இருக்கும்போது, சிவப்பு விளக்கு வரும் நேரம் பார்த்துக் குனிந்து உங்கள் வலது காலைப் பாருங்கள். அது எதை அழுத்திக்கொண்டிருக்கிறது? அங்கே பிரேக் இல்லை. வெறும் தகரமும் கம்பளமும்தான். அரியரத்தினம் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, "கெதியாப் போறாய், கெதியாப் போறாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்சீட்டிலிருந்து ஒரு கை வந்து அவர் தோளைத் தட்டியது. உருத்திரமூர்த்தி, இருந்த மிச்சக் குரலை எல்லாம் சேர்த்து, மெல்லக் கேட்டுக்கொண்டார்:

"அரியம், ஓடுறவளைக் குழப்பாதை. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வா."