நெதர்லாந்துல இருந்து அத்தைக்கு போட்ட டிக்கெட்

அத்தைக்கு திருமலை தரிசன டிக்கெட் போடணும். அன்னிக்கி எனக்கு இருந்த வேலை அவ்ளோதான்.

திருப்பதில குடியிருக்கறவனுக்கு சொந்தக்காரங்க வேற எந்த வேலையும் குடுக்க மாட்டாங்க. இந்த அத்தை, நகரி ஊர்ல இருக்கற எங்க மாமியாரு, மூட்டு வலி கொறைஞ்சா மலைக்கு வரேன்னு வேண்டிகினாங்க. கொறைஞ்சிடுச்சி. ஆனா லைன்ல ரொம்ப நேரம் காத்துகினு இருக்க முடியாது, டிக்கெட்டு கண்டிப்பா வேணும். "எங்க மாப்ள கம்ப்யூட்டர்காரரு, ஒரு தட்டு தட்டினா வந்துடும்"னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து, என் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துகினாங்க.

கம்ப்யூட்டர்காரன்தான். ஆனா கொஞ்சம் முத்திப்போன கேஸு. லினக்ஸ்தான் ஓட்டுவேன். என் பிரவுசர மூடினா எல்லாத்தையும் தானே அழிச்சிடும். எவனும் என்னை வேவு பாக்கக் கூடாது.

போன மாசம் நான் புரோகிராம் கோடு எடுக்கற ஒரு சைட்ட கவர்மென்ட்டு பிளாக் பண்ணிடுச்சி. விடுவேனா? நாம எங்க இருக்கறோம்னு மறைக்கற விபிஎன் போட்டு நெதர்லாந்து வழியா சுத்திகினு போயிட்டிருந்தேன். வீட்ல எல்லாருக்கும் இதப்பத்தி கிளாஸ் எடுத்தேன், யாரும் கேக்கல.

டிக்கெட் விடற நேரம் வந்துச்சி. சைட்டு தொறக்கல. "உங்க நாட்டுல இருந்து அனுமதி இல்ல"ங்குது.

"இன்னாங்க மாப்ள?"

"நான் நெதர்லாந்துல இருக்கறேன்னு நெனைக்குது அத்தை."

அத்தை என்னையும் ஃபேனையும் மாத்தி மாத்தி பாத்தாங்க. "இங்கதான இருக்கறீங்க, சொல்லுங்க அதுகிட்ட."

விபிஎன்ன ஆஃப் பண்ணேன். சைட்டு வந்துச்சி, அத்தை விவரமெல்லாம் அடிச்சேன், புக் பண்ற பட்டன காணோம். விளம்பரத்த தடுக்க நான் போட்ட சாஃப்ட்வேரு அதையும் சேத்து துன்னுட்டுது. அதைத் தூக்கிட்டு பிரவுசர மூடித் தொறந்தா, அடிச்சி வெச்ச அத்தை பேரு, வயசு, ஆதார் நம்பரு எல்லாம் போச்சி. அழிக்கச் சொன்னவன் நான்தான? திரும்ப அடிக்கறதுக்குள்ள டிக்கெட்டெல்லாம் தீந்துபோச்சி.

எனக்கு அழுகையே வந்துடுச்சி. அத்தை திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சி. "பரவால்ல மாப்ள, ஃப்ரீ லைன்ல போலாம்"னாங்க. நானும் கூட வரேன்னுட்டேன்.

டோக்கன் குடுக்கற எடத்துல ஆதார் கேட்டாங்க, குடுத்தேன். கேமராவ பாருன்னாங்க, பாத்தேன். அதுகூட பரவால்ல.

மலைல காத்திருக்கற ஹால்ல அத்தைக்கு நல்ல வேளையா உக்கார எடம் கெடச்சிது. கெடச்ச ஒடனே பக்கத்துல இருந்த, சந்திரகிரில இருந்து வந்த ஒரு அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சாங்க. என் பேரு, என் சம்பளம், எனக்கு சுகரு, பொண்ணு பாக்க வந்தப்ப நான் ஏழு வடை துன்னது, அப்பறம் மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணிகினது. அந்தம்மா அதையெல்லாம் தெலுங்குல மாத்தி பின் வரிசைக்கு சொல்லிகினு இருந்தாங்க.

பின்னாடி இருந்து ஒரு பெரியவரு என் தோளத் தட்டி, "இப்புடு எலா உந்தி பாபு?"ன்னு மூலத்த நலம் விசாரிச்சாரு.

கவர்மென்ட்டுகிட்ட இருந்து ஒளிஞ்சிக்க விபிஎன் இருக்குது. அத்தைகிட்ட இருந்து ஒளிஞ்சிக்க இன்னும் யாரும் எதுவும் கண்டுபுடிக்கல.