ரோஸ்மில்க் ஊற்றாத பிளேட்

சிவப்பு நிறத்தைப் பற்றிப் பேச திருச்சியில் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கும் பிளேட்களில் சத்துக் கூழ் ஊற்றுபவர். எந்தச் சிவப்பையும் ரோஸ்மில்க்கோடு ஒப்பிடுவதால் அதுவே அவர் பெயராகிவிட்டது.

"இதுல பால் ஜாஸ்தி. இது தண்ணி. இதுதாம்மா ரோஸ்மில்க்" என்று பிளேட்டை ஜன்னலில் பிடித்துத் தீர்ப்புச் சொல்வார். தூசி விழும் என்று சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஊற்றுவார். ஒருமுறை துறைத் தலைவர் தும்ம, இருபது பிளேட்களை அவர் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டார்.

என் ஆராய்ச்சிக்கு அந்தச் சிவப்புதான் உயிர். ஈஸ்ட்டின் குரோமோசோமில் சென்ட்ரோமியர் என்றொரு இடம். அங்கே டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் என்ற சிறு அடையாளம் ஒட்டினால், பக்கத்தில் வைத்த, அடினைன் என்ற சத்தைத் தயாரிக்கும் மரபணு அடங்கிவிடும். அடினைன் பசியில் ஈஸ்ட் சிவப்பாக வளரும். அடையாளத்தை ஒட்டும் நொதியை நீக்கினால் மரபணு விழித்துக்கொள்ளும், ஈஸ்ட் வெள்ளையாகும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை என்ற திமிர் உண்டு. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரம் ரோஸ்மில்க் லீவில் ஸ்ரீரங்கத்தில் இருந்தார்; பிளேட்களை நானே ஊற்ற வேண்டியிருந்தது. போனில் சொன்னார்: "அடினைன் துளியூண்டு போடும்மா. பசி இருந்தாத்தான் கலர் வரும்."

பிளேட் ஊற்றுபவர் எனக்குப் பாடம் எடுப்பதா? ஈஸ்ட் நன்றாக வளரட்டும் என்று தாராளமாகவே போட்டேன்.

நான் தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வந்த குழுவின் முன்னால் மூடிகளைத் திறந்தேன். நொதி உள்ளது, இல்லாதது, எல்லாமே தும்பைப்பூ வெள்ளை.

"யாருய்யா ஊத்தினது?" என்றார் என் பேராசிரியர்.

லீவு முடிந்து வந்திருந்த ரோஸ்மில்க் ஒரு பிளேட்டைச் சாய்த்துப் பார்த்தார். கூழ் முழுக்கக் குமிழி. அவர் பிளேட்டில் ஒரு குமிழியைக்கூட யாரும் பார்த்ததில்லை. என்னைப் பார்த்தார். மரபணு ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று மூன்று வருடம் ஆராய்ந்தவள், வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார். லீவுக்கு முன்னாடி ஊத்தினது. கை தவறிடுச்சு" என்றார் ரோஸ்மில்க்.

வராந்தாவில் சொன்னார்: "குமிழி வச்ச பிளேட்டை நான் ஊத்தினேன்னு சொல்லிட்டு நிக்கிறேன் பாரும்மா. அதுதான் தாங்கல."

எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. அவரை சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். "ஆர்டர் போட்டாச்சு. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார், கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமலே.

போன வாரம் சரியாக வந்தது. பாதி சிவப்பு, பாதி வெள்ளை. சைக்கிள் ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனேன். வெயிலில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ரோஸ்மில்க்தான்" என்றார். பிறகு, "ஓரத்துல ஒரு குமிழி இருக்கு, பாத்தியா?"

இருந்தது. அதை அவர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் பிளேட்டை எடுத்துப் போயிருந்தேன்.