பின்சீட்டு ஆட்டம்

சோலைச்சாமி பின்சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு குதி குதித்தார். அவர் குதிப்பதை நிறுத்திய பிறகும் காரின் ஆட்டம் நிற்கவில்லை.

"என்னப்பா இது? இதுல வந்தா, மாப்ள அருள் வந்து ஆடுறாருன்னுல்ல ஊரு கும்பிடும்!"

பாண்டீஸ்வரனுக்கு முகம் சுண்டிவிட்டது. மேல்கூரை மடக்கும் கார் அருப்புக்கோட்டைப் பக்கம் அவனிடம் ஒன்றுதான் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவான். கார் அவனைவிட மூத்தது. போன முகூர்த்தத்தில் அது நடுரோட்டில் படுத்தபோதே மனைவி அனுசியா சொல்லிவிட்டாள்: "இன்னொரு கல்யாணத்துல மானம் போச்சுன்னா, நேரா காயலான் கடைதான்."

இன்று சாயங்காலம் எம்.ரெட்டியபட்டியில் அழைப்பு. சோலைச்சாமி மாப்பிள்ளையின் தாய்மாமன். வண்டியைப் பார்க்கிறேன் என்று மத்தியானமே பாளையம்பட்டிக்கு வந்துவிட்டார்.

"பின்னாடி ஷாக்காப்சர் ரெண்டும் போயிருச்சு," என்றாள் அனுசியா. "ஸ்பிரிங்கு ஆடத்தான் செய்யும். ஆட்டத்த நிப்பாட்டுறது ஷாக்காப்சர் வேல."

"அப்ப மாத்துங்க. நான் கூடவே இருக்கேன்," என்றார் சோலைச்சாமி, செல்போனைப் பார்த்தபடி.

மெக்கானிக் இருளப்பசாமியின் பட்டறை அடுத்த தெருவில் இருந்தது. கழற்ற வேண்டிய மேல் நட்டு, சீட்டுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த கூரைக்கு அடியில் இருந்தது. கூரையைப் பாதி தூக்கினால்தான் ஸ்பானர் நுழையும். மழை பெய்தால்தானே கூரைக்கு வேலை? வருஷக்கணக்காக அதை யாரும் தொடவில்லை. இழுத்ததும், பல கல்யாணத்து அட்சதையும் காய்ந்த ரோஜாவும் இருளப்பசாமி தலையில் கொட்டின.

"எனக்கே கல்யாணத்த முடிச்சு வச்சிட்டீகளே!"

அந்தக் காருக்கான ஷாக் அப்சார்பர் மதுரையிலேயே கிடைக்காது. இருளப்பசாமி லோடு வண்டிக்கு வைத்திருந்த ஜோடியை எடுத்தார். மேலேயே ஸ்பிரிங் சுற்றிய ஜோடி அது. "அளவு சேருது. கல்லு மாதிரி நிக்கும்."

நின்றது. ஜாக்கியை இறக்கிய பிறகும் காரின் பின்பக்கம் இறங்கவில்லை. கழனித்தொட்டியில் தலையை விட்ட மாடு மாதிரி முன்னால் குனிந்து நின்றது.

"மாப்ள வழுக்கி டிரைவர் மடியில வந்துல்ல உக்காருவாரு?" என்றார் சோலைச்சாமி.

டிக்கியில் பருத்திக்கொட்டை மூட்டைகளை ஏற்றினார்கள். மூட்டைக்கு ஒரு விரல்கடை இறங்கி, கார் ஒருவழியாகச் சமமானது. பிறகு கூரையை மடக்கப் போனார்கள். அது கீழே வரவில்லை. இருளப்பசாமி சுத்தியலால் ஒன்று போட்டார். கூரை விருட்டென்று முழுசாக மேலே போய்ப் பூட்டிக்கொண்டது.

"நல்லாருக்கு! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்னு நினைச்சு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வந்துருவாக," என்றார் சோலைச்சாமி.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசினார். "ஆமா சம்மந்தி, வண்டி ரிப்பேரு. ஆமாமா, பாண்டீஸ்வரன் வண்டிதான். என்னத்தச் சொல்ல!"

அனுசியா கணவனைப் பார்த்தாள். "காயலான் கடைக்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா, நான் தேடவா?"

பாண்டீஸ்வரன் ஸ்பானரை எடுத்து, கூரையைச் சட்டத்தோடு கழற்றிக் கீழே வைத்தான். கார் திறந்துகொண்டது. ஆனால் சீட்டுக்குப் பின்னால் பெரிய பள்ளம் தெரிந்தது. ஜமுக்காளத்தைப் போட்டு மூடினான்.

"கல்யாணமா, பஞ்சாயத்தா?" என்றார் சோலைச்சாமி.

அனுசியா வீட்டுக்குப் போனாள். தன் கல்யாணப் பட்டுச்சேலையோடு திரும்பி வந்தாள். பாண்டீஸ்வரன் அவளையே பார்த்தான்.

"என்ன பாக்குறீக? புடிங்க அந்த முனைய."

ஜமுக்காளத்தின் மேல் பச்சைச் சேலையை விரித்தார்கள். சோலைச்சாமி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எல்லாஞ் சரி. பச்சதான் கொஞ்சம்..." போனில் ஏதோ வந்தது. பார்த்தார். முகம் மலர்ந்தது. "பச்ச பிரமாதம்! எடுங்கப்பா வண்டிய!"

ரெட்டியபட்டியில் மேளம் முன்னால் போக, கார் ஊர்ந்தது. பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தது. பாண்டீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கார் ஏறியது, இறங்கியது, அத்தோடு அடங்கியது. கண்ணாடியில் பார்த்தான். மாப்பிள்ளையின் மாலையில் ஒரு பூக்கூட அசையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுசியா மெதுவாகச் சொன்னாள். "இருந்துட்டுப் போகட்டும். விக்க வேணாம்."

அவனுக்கு மேளத்தைவிட அது நன்றாகக் கேட்டது.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் அக்கா தங்கலட்சுமி ஆளுக்கொரு கலர் சோடா கொண்டுவந்து கொடுத்தாள். பாண்டீஸ்வரன் குடிக்காமல் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தான்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. எங்க வண்டியால உங்களுக்குத்தான் லேட்டாயிருச்சு."

தங்கலட்சுமி பெண் வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டாள்.

"சும்மா இருங்கண்ணே, காலையில ஃபேஷியல் பண்ணப் போயி எந்தம்பி மூஞ்சி பணியாரமா வீங்கிப்போச்சு, வீக்கம் வடியுற வரைக்கும் வண்டியக் குத்தஞ் சொல்லிக்கிட்டே இருங்கன்னு மாமாவ அனுப்புனதே நாந்தான்!"