ரைட்டு சொல்ல ஆளில்லாத ஜீப்பு

மனிதர்களில் எழுப்புகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பால்காரரைச் சொல்லவில்லை. என்றைக்கோ ஒருநாள் தாம் விழித்துவிட்டதாக முடிவு செய்து, அன்றிலிருந்து ஊரில் மிச்சமிருக்கிற அத்தனை பேரும் தூங்குகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட இனம். நீங்கள் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, "ஆவிக்குரிய தூக்கத்தில் இருக்கிறீர்கள் பிரதர்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். உங்களுக்கு விக்கல் எடுத்தால் அதுவும் ஓர் அறிகுறி.

அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமா? போடிக்கு வாருங்கள். ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்களோடு உக்கிரபாண்டி அண்ணனின் ஜீப்பில் ஏறுங்கள். விடியுமுன்னே எழுந்து, சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி வைத்துவிட்டு வந்த பெண்கள் அவர்கள். போடிமெட்டு ஏறி இறங்கும் அந்த நேரம்தான் அவர்கள் கண்ணை மூடக் கிடைத்த நேரம். அந்த நேரத்தைத்தான் அண்ணன் ஊழியத்துக்கு என்று எடுத்துக்கொண்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை ஆகாயத்தில், ஒரு கண் ரோட்டில், இன்னொரு கண் எவள் தலை சாய்கிறது என்று கண்ணாடியில்.

வேதத்தில் தூக்கம் வருகிற இடமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரசங்கத்தின்போது தூங்கி மாடியிலிருந்து விழுந்த வாலிபன், குருவை ஜெபிக்க விட்டுவிட்டுத் தூங்கிப்போன சீடர்கள், விளக்கில் எண்ணெய் தீர்ந்து கல்யாண வீட்டுக் கதவுக்கு வெளியே நின்ற ஐந்து கன்னிகைகள் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார். எண்ணெய் வைத்திருந்த மற்ற ஐந்து பேரும் கூடவே தூங்கினார்கள் என்ற வரி வரும்போது மட்டும் அவருக்குக் கியர் மாற்ற வேண்டியிருக்கும். புயலில் ஆண்டவரே படகில் தலையணை வைத்துத் தூங்கிய கதைக்கு அவர் வண்டியில் இடமே கிடையாது.

"விழிச்சிருக்கிறதுன்னா கண்ணைத் திறந்து வைக்கிறதில்ல பிரதர். பக்கத்துல இருக்கிறவன் நம்ம கண்ணுக்குத் தெரியணும்" என்று சபையில் போதகர் ஒருமுறை சொன்னார். அண்ணன் பலமாக ஆமென் சொன்னார். சொல்லிக்கொண்டே மூன்றாவது வரிசையில் யார் கொட்டாவி விட்டது என்று திரும்பிப் பார்த்தார்.

பெண்கள் என்ன, லேசுப்பட்டவர்களா? முக்கால்வாசிப் பேர் குலசாமி கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அண்ணன் குரல் உயர்ந்து நிற்கிற இடத்தில் தூக்கத்திலேயே ஆமென் சொல்லப் பழகிக்கொண்டார்கள். அண்ணனுக்குப் பரம திருப்தி.

அந்த வண்டியில் கூலியில்லாத கண்டக்டர் ஒருவர் உண்டு. அண்ணனின் மனைவி கற்பகம்தான் அது. கடைசியில் பின்பலகையோரம் உட்கார்ந்து, எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்த்து, "ரைட்டு" என்பார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், எஸ்டேட் கேட்டில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அன்று ஆவி பலமாக இருந்தது. காய் எடை போட்டு முடிப்பதற்குள் பேச்சைத் தொடங்கிவிட்டார். ரைட்டு வந்ததா? வரவில்லை. கன்னிகைகள் வந்துவிட்டார்கள், வண்டி கிளம்பிவிட்டது.

போடிமெட்டு தாண்டி ஒரு வளைவில் ஜக்கம்மாள் பெரியம்மா சரிந்து விழுந்தார். தினமும் அவர் தலை சாய்க்கிற தோள் அங்கே இல்லை.

"ஏப்பா, வண்டிய நிப்பாட்டு! கற்பகத்தைக் காணோம்!"

"பாருங்கத்தா, ஒரு ஆத்துமா முழிச்சிருச்சு!" என்றார் அண்ணன் கண்ணாடியைப் பார்த்து.

"கற்பகத்தை விட்டுட்டு வந்துட்டோம்யா!"

"குறுக்க பேசாதீக பெரியம்மா. கதவு அடைச்சாச்சு, இனிமே தட்டிப் பிரயோசனம் இல்ல! அந்த அஞ்சு பேரும் வெளிய நின்னு..."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

பெரியம்மா முன்னுக்கு ஊர்ந்து வந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "கன்னிகை கெடக்குது! ஒம் பொண்டாட்டி மலையில நிக்கிறாய்யா!"

பிரேக் போட்ட வேகத்தில் ஜீப்பே விழித்துக்கொண்டது. அண்ணன் திரும்பிப் பின்பலகையைப் பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது. காட்டுமாடு இறங்குகிற நேரம். போன வாரம்தான் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாட்ச்மேனை முட்டித் தள்ளியிருந்தது. வண்டியைத் திருப்பி மேலே ஏற்றினார். அந்த ஏற்றத்தில்தான் அந்த ஜீப்பில் ஒருத்திகூடக் கண்ணை மூடவில்லை. அண்ணன் வாயும் திறக்கவில்லை.

கேட்டை ஒட்டிய காவல் ஷெட்டில் கற்பகம் கம்பத்தில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில், பனியில் நனையாமல் தலைத்துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அண்ணன் கிட்டே போய் நின்றார். கூப்பிட வாய் வரவில்லை. பெற்றவள் செத்தபோதுகூடக் கலங்காத மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தம்மாவே முழித்துக்கொண்டார். "வந்துட்டீகளா? எடை போடுற எடத்துல பைபிளை விட்டுட்டு வந்துட்டீக. எடுக்கப் போனேன்."

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா ஆத்தா?"

"குடுத்தேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீக."

அண்ணன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கற்பகம் பின்பலகையோரம் போய் உட்கார்ந்து "ரைட்டு" என்றதும் வண்டி கிளம்பியது. மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் எஞ்சின் சத்தம் மட்டும்தான். பெண்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

அப்பாடா, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அண்ணன் சாட்சி சொல்ல எழுந்தார். "மலையில, மூடுபனியில, ஒரு ஆத்துமா தன்னை மறந்து நித்திரையாக் கிடந்துச்சு. தேவன் பாதி வழியில என்னைத் திருப்பி அனுப்பி அதை எழுப்புனாரு!" சபை கைதட்டியது. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த கற்பகம், தலை தொங்க, கண் மூடியபடி, சரியான இடத்தில் ஆமென் சொன்னார்.

எழுப்புகிறவர்களை எழுப்ப ஆளே கிடையாது. அது கிடக்கட்டும். இதைப் படிக்கும்போதே, 'அட, இது நம்ம இன்னாருக்கு அப்படியே பொருந்துதே, உடனே அவருக்கு அனுப்பி வைக்கணும்' என்று உங்களுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்தாரா? வந்தாரென்றால், வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஒருமுறை திரும்பி, பின்பலகையோரம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.